தங்கைக்கு இடது கால் மட்டும் வீங்குது, பிரசவ நீர்னு சொல்றாங்க. அப்படியே விடலாமா?

ஊசிநூல் | திங்கள், இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். நான் ஈரோடு பக்கம் தையல் கடை வெச்சிருக்கேன். தங்கைக்கு வயசு 27. சிசேரியன் ஆகி இன்னையோட 18 நாள். நாலு நாளா இடது கால் வீங்கிக்கிட்டே வருது. முதல்ல கணுக்கால், அப்புறம் கெண்டைக்கால், இன்னைக்குத் தொடை வரைக்கும் வந்திருச்சு. வலது கால் எப்பவும் போலத்தான் இருக்கு. பிரசவம் பார்த்த இடத்துல காட்டினோம். நீர் கோத்திருக்கு, உப்பைக் குறைங்க, காலுக்குத் தலையணை வெச்சுப் படுங்கன்னு அனுப்பிட்டாங்க.

இன்னைக்குக் காலையில இடது கால் கொலுசைக் கழட்ட முடியல. திருகு சதைக்குள்ள புதைஞ்சு போயிருந்துச்சு. சோப்பு போட்டுப் பார்த்தும் வராம, கட்டர் வெச்சு அறுத்துத்தான் எடுத்தேன். அந்த இடத்துல கொலுசோட மணி ஒவ்வொண்ணும் பள்ளமா பதிஞ்சிருக்கு. எனக்கு மனசு கேக்காம இஞ்ச் டேப் எடுத்து, முழங்காலுக்குக் கீழ நாலு விரல் தள்ளி ரெண்டு காலையும் அளந்தேன். வலது 13½. இடது 16.

நாளைக்கு எண்ணெய் போட்டு உருவி விட ஒரு அம்மாவை வரச் சொல்லியிருக்காங்க அவ மாமியார். நல்லதுன்னு நினைச்சுத்தான் சொல்றாங்க. எனக்குத்தான் பயமா இருக்கு. யாராவது சொல்லுங்க.

நெடுந்தூரம் | திங்கள், இரவு 10.31

அக்கா, காலை உருவ விட்டுடாதீங்க. எண்ணெயும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். எனக்கு இதே இடது கால்லதான் வந்துச்சு. உள்ள ரத்தம் கட்டியிருந்தா, உருவுறப்ப அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிரும். விடியட்டும்னு காத்திருக்காதீங்க. இப்பவே கிளம்புங்க.

பழைய ஸ்டெத் | திங்கள், இரவு 10.44

அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நெடுந்தூரம் தம்பி சொல்வது சரி.

அம்மா, நீங்கள் இஞ்ச் டேப் வைத்து அளந்தது பெரிய காரியம். இரண்டு கெண்டைக்கால்களுக்கும் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே ஆழ்சிரையில் ரத்தக்கட்டு இருக்குமோ என்று சந்தேகப்படுவது எங்கள் வழக்கம். உங்கள் அளவில் வித்தியாசம் 6 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. பிரசவ நீர் என்றால் இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒன்றுபோல வரும். ஒரே காலில், அதுவும் தொடை வரை ஏறியிருக்கிறது என்றால் இன்றிரவே, ரத்தக்குழாயில் ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூச்சு வாங்குகிறதா? மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துகிறதா? இருமலில் ரத்தம் வருகிறதா? கால் நீலம் பாரித்துச் சில்லென்று இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சிசேரியன் ஆகி எத்தனை நாள் என்பதை உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிடுங்கள்.

ஊசிநூல் | செவ்வாய், மாலை 6.20

போயிட்டோம். டாப்ளர்ல தொடையில இருந்து கவட்டை வரைக்கும் ரத்தம் கட்டியிருக்குன்னு வந்திருக்கு. வயித்துல ரெண்டு வேளையும் ஊசி ஆரம்பிச்சிருக்காங்க. மூச்சுத் திணறல் இல்ல. ரெண்டு பேரும் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

இப்ப வேற ஒரு குழப்பம். பெரிய டாக்டர், பிரசவத்தால வந்தது, மூணு மாசம் மருந்து எடுத்தா போதும்னு சொல்றார். டியூட்டியில இருந்த சின்ன டாக்டரம்மாதான், எதுக்கு இடது பக்கம் மட்டும் இவ்வளவு மேல வரைக்கும் வந்துச்சுன்னு பார்க்கணும், இடுப்புக்குள்ள குழாய் நசுங்கியிருக்கலாம், சி.டி. வெனோகிராம் எடுங்கன்னு சொன்னாங்க. வீட்டுல எல்லாரும், டாப்ளர்லயே தெரிஞ்சு போச்சே, எதுக்கு இன்னொரு செலவுங்கறாங்க. ரிப்போர்ட்டுல கடைசி வரியில "இடுப்புச் சிரைகள் குடல் காற்றினால் சரிவரக் காண இயலவில்லை"ன்னு இருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்?

சி.டி. அறை | செவ்வாய், இரவு 9.05

அக்கா, நான் மதுரையில 11 வருஷமா சி.டி. டெக்னீஷியன். நோயைப் பத்தி முடிவு சொல்ற தகுதி எனக்கு இல்ல. ஆனா அந்தக் கடைசி வரிக்கு அர்த்தம் சொல்ல முடியும்: பார்க்க வேண்டிய இடத்தை இன்னும் பார்க்கலை.

டாப்ளர் தொடைக்கும் முழங்காலுக்கும் அருமையான சோதனை. குழாய் மேல புரோபை வெச்சு அமுக்கினா, நல்ல சிரை அப்படியே தட்டையாகிடும். உள்ள கட்டு இருந்தா அமுங்காது. ஆனா கவட்டையைத் தாண்டி மேல போயிட்டா சிரை இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ள, முதுகெலும்பை ஒட்டி ஓடுது. முன்னாடி குடலும் காற்றும் மறைக்கும். அமுக்கவும் முடியாது. கட்டு தொடையில முடியுதா, மேலயும் போகுதா, மேல எதனால அடைச்சுதுன்னு அங்க நின்னு சொல்ல முடியாமப் போறது இதனாலதான்.

இடது பக்கம் ஏன்னு கேட்டாங்க பாருங்க, அந்த டாக்டரம்மா கேட்டது சரியான கேள்வி. பெருந்தமனி வயித்துல தொப்புள் மட்டத்துக்கிட்ட ரெண்டாப் பிரியுது. அது நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் இடது பக்கமா இருக்கும். கெட்ட ரத்தத்தை மேல கொண்டுபோற பெருஞ்சிரை முதுகெலும்புக்கு வலது பக்கம். அதனால வலது கால் சிரை நேரா மேல ஏறிப் போய்ச் சேர்ந்திடும். இடது கால் சிரை நடுக்கோட்டைக் குறுக்கே கடந்து வலது பக்கம் போயாகணும். அப்படிக் கடக்குற இடத்துல, வலது காலுக்குப் போற தமனி அதோட முதுகு மேல ஏறிப் போகுது. கீழ ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு. தமனி தடிச்ச குழாய், துடிக்கிற குழாய். சிரை மெல்லிசு. எலும்புக்கும் தமனிக்கும் நடுவுல அது நசுங்குது. தோட்டத்துல ஓஸ் பைப் கிடக்கும்போது அது மேல மோட்டார் பைப்பைப் போட்டா எப்படியோ அப்படி.

நசுங்குறது மட்டுமில்ல. மேல தமனி வருஷக்கணக்கா துடிச்சுத் துடிச்சு, சிரையோட உள்சுவர் உரசி, நார் மாதிரி திசு வளர்ந்து குறுக்கே தடுப்பு விழுந்திடும். இதைத்தான் மே-தர்னர் நோய்க்குறிங்கறாங்க.

செலவு பத்தி வீட்டுல பேசுறப்ப இதையும் சொல்லுங்க: வயித்துக்கு எடுக்கிற சாதா சி.டி. போதாது, "வெனோகிராம்"னு எழுதி வாங்கணும். கையில சாயம் ஏத்தின உடனே எடுத்தா தமனி மட்டும்தான் வெளிச்சமா வரும். கால் வரைக்கும் போய்த் திரும்பி சிரை நிரம்ப நேரமாகும். நாங்க ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் காத்திருந்து எடுப்போம். சாயம் ஏத்துறதால கிரியாட்டினின்னு சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையை முன்னாடியே பார்த்திடுவாங்க.

பழைய ஸ்டெத் | செவ்வாய், இரவு 10.30

தம்பி மிக அழகாக விளக்கிவிட்டார். கொஞ்சம் வரலாறு சேர்க்கிறேன், ஏனென்றால் அதைத் தெரிந்துகொண்டால் இந்த நோயைப் பற்றிய தவறான எண்ணங்கள் பாதி போய்விடும்.

ரத்தக்கட்டு வலது காலைவிட இடது காலில் அதிகம் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ 1851-லேயே கவனித்தார். அவர் பிறந்த அக்டோபர் 13-ஐத்தான் இன்று உலக ரத்தக்கட்டு நாளாக வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த மே, தர்னர் இருவரும் 430 சடலங்களை அறுத்துப் பார்த்து 1957-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 22 சதவீதத்தில், இடது சிரையில் தமனி குறுக்கிடும் அதே இடத்தில், உள்ளே நார்த்திசு முளைத்திருந்தது. 1965-ல் இங்கிலாந்தில் காக்கெட்டும் தாமஸும் இதை உயிருள்ள நோயாளிகளின் கால்வீக்கத்தோடு இணைத்துக் காட்டினார்கள். காக்கெட் நோய்க்குறி என்ற பெயரும் அதனால்தான்.

அந்த 22 சதவீதத்தைக் கவனியுங்கள். ஐந்தில் ஒருவருக்கு இருக்கிற ஒன்று. அத்தனை பேருக்கும் கால் வீங்கியதா? இல்லை. நசுக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலோர் ஆயுள் முழுக்கத் தெரியாமலே வாழ்ந்துவிடுவார்கள். அதன்மேல் இன்னொன்று வந்து சேரும்போதுதான் கட்டு விழுகிறது. கர்ப்பத்தில் ரத்தம் எளிதில் உறையும் தன்மைக்கு மாறுகிறது. இது பிரசவத்தில் ரத்தம் கொட்டாமல் இருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு. கருப்பை வேறு சிரையை அழுத்துகிறது. பிறகு அறுவை, படுக்கை. கர்ப்பகால ரத்தக்கட்டில் பெரும்பகுதி இடது காலில் வருவது தற்செயல் இல்லை. ஆக, பெரிய டாக்டர் சொன்னதும் சரி, சின்ன டாக்டர் கேட்டதும் சரி. ரத்தம் உறையும் நிலைமையைப் பிரசவம் உண்டாக்கியது. அது எங்கே உறைய வேண்டும் என்பதை அந்த நசுக்கம் முடிவு செய்திருக்கலாம்.

கட்டு கவட்டையைத் தொட்டிருப்பதால் வெனோகிராம் எடுப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. எடுப்பதானால் தள்ளிப்போடாதீர்கள். கட்டைக் கரைக்கவோ உறிஞ்சி எடுக்கவோ வேண்டிவந்தால், அது புதிதாக இருக்கும்போதே செய்ய வேண்டும். பொதுவாக 14 நாளுக்குள். அதற்குப் பிறகு கட்டு இறுகிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

மஞ்சள் வெயில் | புதன், காலை 7.50

இழைக்கு நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். எனக்கு வயிற்று வலிக்கு சி.டி. எடுத்தபோது "இடது பொது இலியாக் சிரையில் அழுத்தம், மே-தர்னர் அமைப்பு" என்று எழுதியிருந்தது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அதே இடுப்புச் சிரைதான். காலில் ஒரு வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் கட்டலாம், முன்னெச்சரிக்கையாக ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைத்துவிடலாம் என்கிறார்கள் ஓர் இடத்தில். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை.

பழைய ஸ்டெத் | புதன், காலை 9.15

அம்மா, இன்றிரவு நிம்மதியாகத் தூங்குங்கள். 2004-ல் வேறு காரணத்துக்காக வயிற்று சி.டி. எடுத்த 50 பேரின் படங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். கால்நோய் எதுவும் இல்லாதவர்கள். அவர்களில் 24 சதவீதம் பேருக்கு இந்தச் சிரை பாதிக்கு மேல் நசுங்கியிருந்தது. நீங்களும் அந்த வரிசையில் ஒருவர்தான். படத்தில் தெரிவது உடல் அமைப்பு. அதனால் கஷ்டம் வந்தால்தான் அது நோய். கஷ்டம் இல்லாதவருக்கு ஸ்டென்ட் வைக்கக் காரணம் இல்லை.

அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். அறுவை சிகிச்சை, கர்ப்பம், கருத்தடை மாத்திரை, நீண்ட பயணம், இவற்றின்போது மருத்துவரிடம் காட்டுங்கள். அவ்வளவு போதும்.

சி.டி. அறை | புதன், காலை 9.40

இன்னொண்ணும் சொல்றேன். வெறும் வயித்தோட, தண்ணி குடிக்காம, மல்லாக்கப் படுக்க வெச்சுத்தான் எங்க மேசையில படம் எடுக்கிறோம். தண்ணி குறைஞ்ச உடம்புல சிரை தன்னாலயே சப்பையா இருக்கும். நிஜத்தைவிட நசுக்கம் கூடுதலாத் தெரியும். அதே ஆளுக்கு நல்லா தண்ணி ஏத்திட்டு எடுத்தா குழாய் விரிஞ்சிருக்கும்.

நெடுந்தூரம் | புதன், இரவு 11.20

ஐயா சொல்றதை மதிக்கிறேன். ஆனா இதைப் படிச்சிட்டு ஸ்டென்டே வேண்டாம்னு யாரும் முடிவு பண்ணிடக் கூடாது. அதனால என் கதையைச் சொல்றேன்.

நான் நாமக்கல். லாரி ஓட்டுறேன். எட்டு வருஷம் முன்ன, எனக்கு 34 வயசு. அசாம் லோடு. ராத்திரி பூரா வண்டி, ஒண்ணுக்கு இறங்கணுமேன்னு தண்ணி குடிக்கிறதையே குறைச்சுக்குவோம். திரும்பி வர்றப்ப இடது தொடை கனத்துச்சு. கிளட்ச் மிதிச்ச சுளுக்குன்னு ஊசி போட்டாங்க ஒரு ஊர்ல. ரெண்டு நாள் கழிச்சு கேபின் ஏறக் கம்பியைப் பிடிச்சேன், ரெண்டே படி, மூச்சு முட்டுது. கிளீனர் பையன்தான் மடக்கிப் பிடிச்சு ஆட்டோவுல ஏத்தினான். நுரையீரல்ல ரெண்டு பக்கமும் கட்டு இருந்துச்சு.

ஒரு வருஷம் மாத்திரை. கட்டு கரைஞ்சிருச்சு, கால் கரையல. ஒரு பர்லாங் நடந்தா தொடை வெடிச்சிரும்போல இறுகும். நின்னு, கால் தூக்கி வெச்சா பத்து நிமிஷத்துல இறங்கும். கணுக்காலுக்கு மேல தோல் கறுத்துப்போச்சு. லுங்கி கட்டினா வெளிய தெரியும்னு பேன்ட்டுக்கு மாறினேன். அதுக்கப்புறம்தான் ஒரு டாக்டர் இடுப்பைப் பார்த்தார். குழாய்க்குள்ளயே சின்ன ஸ்கேன் கருவியை விட்டுப் பார்த்தாங்க. நசுங்கின இடத்துல குழாய் கீத்துபோலத்தான் இருந்துச்சு. பலூன் வெச்சு விரிச்சு ஸ்டென்ட் போட்டாங்க. எந்திரிச்ச அன்னைக்கே தொடை லேசாயிருச்சு. அந்த வித்தியாசத்தை வாயால சொல்ல முடியாது.

ஒரு தப்பு பண்ணினேன், அதையும் சொல்லணும். அடுத்த வருஷம் பல்லு புடுங்கப் போனப்ப, ரத்தம் நிக்காதுன்னு நானே மாத்திரையை நிறுத்தினேன். பல்லு டாக்டர்கிட்ட சொல்லல, ஸ்டென்ட் வெச்சவர்கிட்டயும் கேக்கல. நாலு நாள்ல ஸ்டென்ட்டுக்குள்ளயே மறுபடி கட்டிருச்சு. மறுபடி எல்லாம் முதல்ல இருந்து. ஸ்டென்ட் வெச்சாச்சு, இனி மருந்து எதுக்குன்னு யாராவது நினைச்சா, என்னை நினைச்சுக்கங்க.

பழைய ஸ்டெத் | வியாழன், காலை 8.30

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு ஸ்டென்ட் வைத்தது மிகச் சரி. என் எச்சரிக்கை கஷ்டம் இல்லாதவர்களுக்குத்தான்.

கட்டை உடனே கரைத்து எடுத்தால் எல்லாருக்கும் நல்லதா என்று அமெரிக்காவில் 692 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2017-ல் முடிவு வந்தது. பிற்காலக் கால்வீக்கம் இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வந்தது. வித்தியாசமில்லை. கரைத்தவர்களுக்கு ரத்தப்போக்கு அதிகம். ஆனால் கட்டு இடுப்புச் சிரை, கவட்டைச் சிரை வரை ஏறியவர்களைத் தனியாகப் பார்த்தபோது, கடுமையான பின்விளைவு குறைந்திருந்தது. ஆகவே இது ஆளைப் பொறுத்தது. இளவயது, மேல் வரை ஏறிய புதிய கட்டு, ரத்தப்போக்கு அபாயம் குறைவு என்றால் யோசிக்கலாம். ஊசிநூல் அம்மாவின் தங்கைக்கு வயிற்றில் புதிய தையல் இருப்பதால் கரைக்கும் மருந்தைப் பற்றி மகப்பேறு மருத்துவரும் ரத்தக்குழாய் மருத்துவரும் உட்கார்ந்து பேசியே முடிவெடுக்க வேண்டும்.

ஊசிநூல் | வெள்ளி, இரவு 8.55

வெனோகிராம் எடுத்தாச்சு. இடது இடுப்புச் சிரை முழுக்கக் கட்டு, அது பெருஞ்சிரையில சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி தமனிக்கு அடியில சப்பையா இருக்கு. படத்தை டாக்டரம்மா திரையில காட்டினாங்க. தடிச்சு வர்ற குழாய் அந்த ஒரு இடத்துல நாடா மாதிரி ஆகுது. பாவாடைக்கு நாடா கோக்குறப்ப மடிப்புல சிக்கி நிக்கும் பாருங்க, அப்படி.

கரைக்கிற மருந்தைத் தவிர்த்து, குழாய் விட்டு உறிஞ்சி எடுத்து, உள்ள ஸ்கேன் பண்ணிட்டு, தேவைப்பட்டா ஸ்டென்ட்னு முடிவு. நாளைக்குக் காலையில. முழங்காலுக்குப் பின்னாடி இருந்துதான் போவாங்களாம், கத்தி இல்ல. குழந்தைக்குப் பால் குடுக்கிறதைப் பத்தித்தான் அவ அழறா. இந்த ஊசி, அப்புறம் மாத்திரை, இதெல்லாம் போட்டா பால் குடுக்கலாமா?

பனங்கூடல் | வெள்ளி, இரவு 11.40

அக்கா, நான் யாழ்ப்பாணத்தில வார்ட் நேர்ஸ். தங்கச்சி அழுறா எண்டு வாசிச்சவுடன எழுத வேணும்போல இருந்தது.

வயித்தில போடுற எனோக்ஸாபரின் ஊசிக்குப் பால் குடுக்கலாம். வார்ஃபரின் குளிசைக்கும் குடுக்கலாம். ரிவராக்ஸபன், அபிக்ஸபன் எண்டு புதுக்குளிசையள் இருக்கு, பால் குடுக்கிற தாய்மாருக்கு அதைத் தவிர்க்கிறவை. அதால பால் குடுக்கிறா எண்டதை டொக்டரிட்ட கட்டாயம் சொல்லுங்கோ.

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, கண்டிப்போயிடும். ஒவ்வொரு முறையும் இடத்தை மாத்திப் போடுங்கோ. தையலுக்குக் கிட்டவும் போட வேண்டாம்.

வார்ஃபரினுக்கு மாத்தினால் ரத்தம் உறையிற வேகத்தைக் காட்டுற ஐ.என்.ஆர். எண்ட ரத்தப் பரிசோதனை பாக்க வேணும், வழமையா 2-க்கும் 3-க்கும் இடையில நிக்க வேணும். கீரை சாப்பிடக்கூடாது எண்டு சனம் சொல்லும். அப்பிடியில்லை. பிள்ளை பெத்தவளுக்கு முருங்கையிலை வேணும்தானே. ஒரு கிழமை ஒண்டுமில்லாமல் இருந்திட்டு அடுத்த கிழமை நாள்தோறும் சாப்பிட்டால்தான் அளவு குழம்பும். எப்பவும் ஒரே அளவாச் சாப்பிட்டால் அதுக்கேத்த மாதிரி மருந்தைச் சரிப்பண்ணுவினம். வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரிக் குளிசையைத் தானா வாங்கிப் போடவே கூடாது. உள்ளுக்க ரத்தம் கசியப் பாக்கும்.

நாளைக்கு எல்லாம் நல்லபடியா நடக்கும், அக்கா.

ஊசிநூல் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.10

இவ்வளவு நாள் எழுத முடியல, கடையும் குழந்தையுமா ஓடிச்சு. கட்டை எடுத்துட்டாங்க. உள்ள ஸ்கேன்ல நார்த் தடுப்பு இருந்துச்சாம், 16 மில்லிமீட்டர் ஸ்டென்ட் வெச்சிருக்காங்க. இறுக்கமான காலுறை குடுத்தாங்க. அது கனத்துக்கும் வலிக்கும் உதவும், ஆனா பின்னாடி வர்ற வீக்கத்தைத் தடுக்கும்னு உறுதி சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா நேராவே சொன்னாங்க. வெளிப்படையாப் பேசறவங்களைப் பார்த்தா தைரியம் வருது.

இன்னைக்கு அளந்தேன். வலது 13½. இடது 14. ஸ்டென்ட் வெச்ச மறுநாளே 15-க்கு வந்திருச்சு. நோட்டுல ஜாக்கெட் அளவு எழுதுற பக்கத்துலயே தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன். பெரிய டாக்டர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்து, போட்டோ எடுத்து கேஸ் ஷீட்டுல சேர்த்துக்கிட்டார்.

மாமியாரம்மாதான் இப்ப ஊசி நேரத்தை ஞாபகப்படுத்துறது.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. அடுத்த குழந்தை இப்பத்திக்கு வேண்டாம்னு இருக்காங்க. பக்கத்து வீட்டக்கா மாலா-டி மாத்திரை போடச் சொல்றாங்க. போடலாமா?

பழைய ஸ்டெத் | ஞாயிறு, மாலை 5.00

வேண்டவே வேண்டாம். அதில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, ரத்தம் உறைவதைத் தூண்டும். ஒருமுறை கட்டு வந்த பெண்ணுக்கு அந்த வகை மாத்திரை இனி என்றுமே கூடாது. காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம், அதில் ஹார்மோன் இல்லை. ரத்தக்கட்டு மருந்து எடுக்கும்போது மாதவிடாய்ப் போக்கு கூடலாம் என்பதால், எப்போது வைப்பது என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

பிற்காலத்தில் இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் பெற்றுக்கொள்ளலாம். கரு தரித்தது தெரிந்தவுடனே போக வேண்டும். கர்ப்பத்தில் வார்ஃபரின் சிசுவைப் பாதிக்கும், ஊசி மருந்துக்கு மாற்றுவார்கள். கர்ப்பம் முழுக்கவும், பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரமும் அந்த ஊசி தொடரும்.

நெடுந்தூரம் | ஞாயிறு, இரவு 9.35

16-ல இருந்து 14! அக்கா, எனக்கே கால் லேசான மாதிரி இருக்கு. நான் இப்ப விஜயவாடா தாண்டி நிக்கிறேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா வண்டியை ஓரங்கட்டி இறங்கி நடக்கிறேன், தண்ணியும் குடிக்கிறேன். அந்தக் கொலுசைப் பத்த வெச்சுக் குடுத்தாச்சா?

ஊசிநூல் | ஞாயிறு, இரவு 10.02

ஆசாரிகிட்ட குடுத்திருக்கேன் தம்பி. ரெண்டு கண்ணி சேர்த்துப் போடச் சொல்லியிருக்கேன், இனி இறுக்கமா வேண்டாம்.